சக்கரம் தேஞ்சு போனா சைக்கிளையே தூக்கிப் போடணுமா?



பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். வீட்டு ஓரத்தில், இல்லையென்றால் மாட்டுக் கொட்டகையில், ஒரு சைக்கிள் சாத்தி வைத்திருக்கும். மேலே விறகோ சாக்கோ கிடக்கும். "ஏம்மா, யாரும் ஓட்டறதில்லையா?" என்று கேட்டால், "வீல் போச்சுங்க மேடம். ரிப்பேருக்குக் குடுத்தா புது சைக்கிள் காசு கேப்பான்" என்று பதில் வரும். கொஞ்ச நாள் கழித்துப் போனால் அந்த இடம் காலியாக இருக்கும். பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

"வீல் போச்சு" என்பது ஒரே ஒரு நோய் இல்லை. காய்ச்சல் என்றால் சளிக் காய்ச்சலும் உண்டு, டெங்குவும் உண்டு அல்லவா, அது போலத்தான். கம்பி ஒன்று ஒடிந்ததும் "வீல் போச்சு", ரிம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் "வீல் போச்சு". முதலாவது சின்னச் செலவு. இரண்டாவது கொஞ்சம் பெரிய செலவு. ஆனால் இரண்டிலுமே சைக்கிளை எடைக்குப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. எதற்கு எது மருந்து, எதை நாமே செய்யலாம், எதற்குக் கடைக்குப் போகணும், கடையில் என்ன கேட்கணும் என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

நம்ம பக்கத்துக்கு சைக்கிள் ஏன் முக்கியம்?

"இப்பதான் பஸ் ஃப்ரீ ஆச்சே, சைக்கிள் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து சிப்காட் உள்தெருவில் இருக்கிற கம்பெனி கேட் வரைக்கும் யார் கொண்டு விடுவார்கள்? ஊருக்குள் இருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்? காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் ஊருக்குள் பஸ்ஸே வராது. கம்பெனி வேன் நிரந்தரத் தொழிலாளிக்கு வரும், கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்களை எல்லா இடத்திலும் ஏற்றுவதில்லை. ஷேர் ஆட்டோவில் போகலாம், ஆனால் போக ஒரு காசு, வர ஒரு காசு, மாதம் முழுக்க. நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு சைக்கிளை விட்டால் சிக்கனமான வழி எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று. நம் வீடுகளில் இருக்கும் சைக்கிள் பல நேரம் நாம் காசு கொடுத்து வாங்கினது இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கின இலவச சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பிறகு பீகாரில் 2006-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து பார்த்ததில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடினது தெரிந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிள் எவ்வளவு செய்யும் பாருங்கள்!

மகள் பிளஸ் டூ முடித்ததும் அந்த சைக்கிள் அம்மாவிடம் வருகிறது. அதற்குள் அது இரண்டு வருஷம் ஓடியிருக்கும், மழையில் நனைந்திருக்கும், தோழியைப் பின்னால் உட்கார வைத்து டபுள்ஸ் போயிருக்கும். அம்மா கைக்கு வரும்போது சக்கரம் ஆட ஆரம்பித்திருக்கும். இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள்.

சக்கரம் எப்படி நிக்குது?

கோட்டம் எடுப்பதைப் புரிந்துகொள்ள, முதலில் சக்கரம் எதனால் நிற்கிறது என்று தெரிய வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் மரம், கீழே இருக்கும் ஆரக்கால் மேல் வண்டி பாரம் ஊன்றி நிற்கும். சைக்கிளில் இருப்பது மெல்லிய கம்பி. இந்தக் கம்பியை நிற்க வைத்து மேலே அழுத்தினால் வளைந்துபோகும். அப்புறம் எப்படி நம்மையும், பின்னால் 25 கிலோ அரிசி மூட்டையையும் தாங்குகிறது?

எல்லாக் கம்பியும் ரிம்மை நடுவில் இருக்கும் ஹப்பை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்த பந்தல் கம்பம் போல. ஒரு பக்கக் கயிறு அறுந்தால் கம்பம் எதிர்ப்பக்கம் சாயும் அல்லவா? அதேதான் இங்கேயும். ஒரு போக்ஸ் கம்பி ஒடிந்தால் அந்த இடத்தில் ரிம் எதிர்ப்பக்கமாகச் சாயும். பக்கத்துக் கம்பிகள் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கும். கொஞ்ச நாளில் அதிலும் ஒன்று ஒடியும். "ஒண்ணு ஒடிஞ்சா என்ன, மீதி இருக்கே" என்று விட்டவர்கள் சக்கரம்தான் மாதக் கடைசியில் அப்பளம் மாதிரி ஆகிறது.

ஹப்பிலிருந்து கம்பிகள் நேராகப் போகாமல் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். 1874-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் கொண்டு வந்த முறை அது. பெடல் மிதிக்கும்போது ஹப் திரும்புகிற வேகத்தை ரிம்முக்குக் கொண்டு போக அந்தக் குறுக்குக் கட்டுதான் உதவுகிறது. 150 வருஷம் ஆகியும் அதைவிட நல்ல முறை வரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பெரிய 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ இரண்டே கால் மீட்டர் போகும். 4 கிலோமீட்டர் போக சுமார் 1,800 சுற்று. போய் வர 3,600. மாதம் 25 நாள் வேலை என்றால் 90,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. ஒரு கம்பியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒடிகிறதே, அதே மாதிரிதான். இறுக்கம் சரியாக இருக்கும் கம்பி கொஞ்சமாக அசையும், வருஷக்கணக்கில் வரும். தொளதொள என்று இருக்கும் கம்பி அதிகமாக அசையும், சீக்கிரம் ஒடியும். அதனால் கோட்டம் எடுப்பது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை.

பின் சக்கரம்தான் முதலில் போகும். நம்ம எடையில் பெரும்பங்கும், கேரியர் சுமையும், மிதிக்கிற விசையும் அதன் மேல்தான்.

நம்ம பக்கத்தில் இன்னும் இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு. பழவேற்காடு, மீஞ்சூர் பக்கத்துக் காற்றில் இருக்கும் உப்பு இரும்பைச் சும்மா விடாது. போக்ஸ் வந்து ரிம்மில் மாட்டுகிற இடத்தில் நிப்பிள் என்று ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைச் சுற்றித்தான் துரு முதலில் பிடிக்கும். இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சைக்கிள்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. ஹப்புக்குள் தண்ணீரும் சேறும் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப் போய்விடும். வெளியே துடைத்து ஓட்டினால் கொஞ்ச நாளில் "கரகர" என்று சத்தம் வரும்.

வீட்டிலேயே பரிசோதனை

கீழே ஒரு சாக்கை விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பத்து நிமிஷம் போதும்.

சக்கரத்தைச் சுற்றி விடுங்கள். ஒரு பென்சிலையோ சாக்பீஸையோ ஃபோர்க் கம்பியில் ஊன்றி ரிம்முக்குப் பக்கத்தில் பிடியுங்கள். சுற்றும்போது ரிம் பென்சிலை ஒரு இடத்தில் தொட்டு, இன்னொரு இடத்தில் விலகுகிறதா? அதுதான் கோட்டம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் பயப்பட வேண்டாம். விரல் அகலம் ஆடினால் உடனே கவனிக்க வேண்டும்.

அடுத்து ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். "டக் டக்" என்று மொத்தச் சக்கரமும் ஆடினால் குறை ரிம்மில் இல்லை, நடுவில் ஹப்பில் இருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யாராவது "ரிம் மாத்தணும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோன் இறுக்குவது ஸ்பேனர் வேலை, அவ்வளவுதான்.

பிறகு போக்ஸ் ஒவ்வொன்றையும் விரலால் மீட்டிப் பாருங்கள். நன்றாக இருப்பது "டிங்" என்று சத்தம் கொடுக்கும். தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் தரும். ஒடிந்தது கையோடு வரும். எத்தனை ஒடிந்தது, எத்தனை தளர்ந்தது என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது உதவும்.

கடைசியாக, இதுதான் மிக முக்கியம், ரிம்மை ஒரு துணியால் துடைத்து, நிப்பிள் வருகிற ஓட்டைகளைச் சுற்றி உற்றுப் பாருங்கள். மேலாக இருக்கும் துரு பரவாயில்லை. ஓட்டையைச் சுற்றிக் கோடு மாதிரி வெடிப்பு இருந்தாலோ, நிப்பிள் உள்ளே இழுத்துக்கொண்டு ரிம் குழிந்து போயிருந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் பொலபொல என்று உதிர்ந்தாலோ அந்த ரிம் முடிந்தது. அதற்குக் கோட்டம் எடுப்பது வீண் செலவு. டயர் விளிம்பு உட்காருகிற ரிம்மின் ஓரம் பிளந்திருந்தாலும் அப்படித்தான். அந்த ஓரம் டயரையும் அறுக்கும், நம் கையையும் அறுக்கும்.

இங்கே ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். ரிம் ஆட ஆரம்பித்தால் பிரேக் கட்டையில் உரசும், மிதிக்கக் கஷ்டமாக இருக்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பிரேக்கைத் தளர்த்தி விடுகிறோம். "இப்ப லேசா ஓடுது" என்று சந்தோஷம். ஆனால் பிரேக் பிடிக்காது. நெடுஞ்சாலையைக் கடந்து, கன்டெய்னர் லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சிப்காட் போகிற ஒரு பெண்ணுக்குப் பிரேக் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு உறுப்பினர் இப்படித்தான் ஒரு விடியற்காலையில் திரும்ப முடியாமல் விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு எதுவும் கிடையாது. போக்ஸ் இரண்டு மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆடுகிற சக்கரத்துக்காகப் பிரேக்கைத் தளர்த்தவே கூடாது, சக்கரத்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

கோட்டம் எடுப்பது பெண்களுக்கு வராதா?

வரும். நன்றாகவே வரும். பூ கட்டுகிற விரல்களுக்கும், எம்பிராய்டரி போடுகிற கண்களுக்கும் இந்த வேலை ரொம்பப் பக்கம். தேவைப்படுவது பொறுமை மட்டும்தான். அதற்கான கருவி போக்ஸ் சாவி (நிப்பிள் சாவி என்றும் சொல்வார்கள்), சின்ன இரும்புத் துண்டு, விலை அதிகம் இல்லை.

பென்சில் வைத்துப் பார்த்ததில் ரிம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஹப்பின் இடது பக்கத்திலிருந்து வருகிற போக்ஸை இறுக்க வேண்டும். அது ரிம்மை இடது பக்கம் இழுக்கும். ஏற்கெனவே ரொம்ப இறுக்கமாக இருந்தால், வலது பக்கத்திலிருந்து வருவதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கயிறு இழுக்கிற விளையாட்டை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சாவியை ஒரே தடவையில் முழுச் சுற்று திருப்பக் கூடாது. கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. திருப்பி, சக்கரத்தைச் சுற்றி, பார்த்து, மறுபடி கால் சுற்று. எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். டயர் பக்கத்திலிருந்து நிப்பிளைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வையில் கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும், ஸ்க்ரூ மாதிரியேதான். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும்.

துருப்பிடித்த நிப்பிள் திரும்பாது. வற்புறுத்தினால் போக்ஸ் முறுக்கிக்கொண்டு ஒடியும். முந்தின நாள் ராத்திரியே நிப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். பாதிக்கு மேல் அப்போதும் திரும்பவில்லை என்றால் அந்தச் சக்கரத்துக்கு மொத்தமாகக் கம்பி மாற்றுவதுதான் நல்லது.

புதுக் கம்பி போட்டபின் அதன் முனை நிப்பிளைத் தாண்டி டியூப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நீட்டினால் அரத்தால் ராவி விடணும். மேலே ரிம் டேப் கட்டாயம். கிழிந்துபோயிருந்தால் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிக் கட்டலாம். "பஞ்சர் ஒட்டி மாளல" என்று புலம்புகிறவர்கள் பாதிப் பேருக்கு ஆணி குத்துவது ரோட்டில் இல்லை, ரிம்முக்கு உள்ளேயிருந்து போக்ஸ் முனைதான் குத்துகிறது. டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரிம் பக்கமா, டயர் பக்கமா? (ரீ-ரோலிங் மில் இருக்கிற தெருக்களில் கம்பித் துண்டு குத்துவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.)

ரிம் மேடு பள்ளமாக, அதாவது குழியில் விழுந்து அடிவாங்கி ஒரு இடம் உள்ளே போயிருந்தால் அதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அது பழகின கடைக்காரர் வேலை. ஃபிரீவீல் கழற்றுவதும் அப்படித்தான், அதற்கு வேறு கருவி வேண்டும்.

மாற்றணும் என்றால் எதை மாற்றணும்?

ரிம் முடிந்துவிட்டது என்று தெரிந்தபின் இரண்டு வழி. பழைய ஹப்பை வைத்துக்கொண்டு புது ரிம், புதுக் கம்பி கோர்ப்பது ஒன்று. கோர்த்துத் தயாராக இருக்கும் முழுச் சக்கரத்தையே வாங்கிப் பூட்டுவது இன்னொன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஹப்பைப் பொறுத்தது.

ஹப்புக்குள் இரண்டு பக்கமும் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் சின்னச் சின்னக் குண்டுகள், அதற்கு மேல் கோன். கடைக்காரர்கள் பால்ரஸ் என்பார்கள். அதைக் கழற்றித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டும் கோனும் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, தனியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. குண்டு முன் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 3/16 இஞ்ச், பின்னுக்கு 1/4 இஞ்ச். ஒன்றிரண்டு மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்ற வேண்டும். கிண்ணமே அம்மை விழுந்த மாதிரி குழி குழியாக இருந்தால்தான் ஹப் போனது. ரிம்மும் போய் ஹப்பும் போய்விட்டால் முழுச் சக்கரம் வாங்குவதுதான் கணக்குக்குச் சரி. ஹப் நன்றாக இருந்தால் ரிம் மட்டும் மாற்றுங்கள், பழைய கம்பெனி ஹப் பல நேரம் இப்போது மலிவாக விற்கிற சக்கரத்தில் வருவதைவிட உறுதியாக இருக்கும். இது எங்கள் அபிப்பிராயம் மட்டும் இல்லை, கைவேலை தெரிந்த கடைக்காரர்களும் இதையே சொல்கிறார்கள்.

பழைய கம்பியைப் புது ரிம்மில் போடலாமா? துரு இல்லாமல் இருந்தால் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வருஷக்கணக்கில் உழைத்த கம்பி, எப்போது ஒடியும் என்று தெரியாது. கோர்க்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். புதுக் கம்பியே போட்டுவிடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் நம் பணம் அதிகமாக வீணாகிறது. டயரின் பக்கவாட்டில் எண் அச்சடித்திருக்கும். அதை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். "26 இஞ்ச்" என்று மட்டும் சொன்னால் போதாது. 26 × 1⅜ என்று ஒன்று உண்டு, லேடீஸ் சைக்கிளில் அதிகம் பார்க்கலாம். 26 × 1.75 என்றும், 26 × 1.95 என்றும் உண்டு, அது பட்டன் டயர் போட்ட சைக்கிளில் வரும். இரண்டும் 26தான், ஆனால் ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் உட்காராது. முதலாவதின் ரிம் 590 மில்லிமீட்டர், இரண்டாவது 559. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். சில டயரில் 37-590 என்கிற மாதிரி எண்ணும் இருக்கும். கடைசி மூன்று இலக்கம்தான் ரிம்மின் அளவு, அது பொருந்தினால் ஏமாற முடியாது. பெரிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயரில் அது 635.

அடுத்தது ஓட்டைக் கணக்கு. பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி இருக்கும். மற்ற சைக்கிள் பலவற்றில் இரண்டிலும் 36. ரிம்மில் எத்தனை ஓட்டையோ ஹப்பிலும் அத்தனை இருந்தால்தான் கோர்க்க முடியும். கம்பி நீளமும் சக்கரத்துக்குச் சக்கரம் மாறும், பழைய கம்பி ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் சுலபம். பிரேக்கையும் பாருங்கள். ராடு பிரேக் என்றால் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில், ஹப்பைப் பார்த்த முகத்தில் பிடிக்கும். கேபிள் பிரேக் என்றால் பக்கவாட்டில் பிடிக்கும். இரண்டுக்கும் ரிம் வடிவம் வேறு. மாறி வாங்கினால் பிரேக் பிடிக்காது.

கடையில் கேட்க வேண்டியது

"எவ்ளோ ஆகும்?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். ரிம் எவ்வளவு, கம்பி ஒரு செட் எவ்வளவு, கோர்த்துக் கோட்டம் எடுக்கக் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். முழுச் சக்கரத்தின் விலையையும் கேளுங்கள். இரண்டு கடையில் விசாரித்து எழுதிப் பாருங்கள். ஒரு உறுப்பினர் ஒரு கடையில் பின் சக்கரம் மொத்தமும் மாற்றணும் என்று சொன்னதைக் கேட்டு மலைத்துப்போய்த் திரும்பினார், அடுத்த கடையில் நாலு போக்ஸும் கோட்டமும்தான் என்று அரை மணியில் முடித்துக் கொடுத்தார்கள். எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டோம். சைக்கிள் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன, கோர்க்கத் தெரிந்த கைகளும் குறைகின்றன. தெரியாதவர்கள் "மாத்திடுங்க" என்றுதான் சொல்வார்கள். கோர்க்கத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவருக்குக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியது உண்மைதான் என்றும் தெரியும், பழைய ரிம்முக்கு இரும்புக் கடையில் காசும் கிடைக்கும்.

சக்கரத்தைப் பூட்டினதும் கடையிலேயே பாருங்கள்: பின் சக்கரம் இரண்டு பக்கக் கம்பிக்கும் நடுவில் இருக்கிறதா, செயின் விரலால் அழுத்தினால் அரை இஞ்ச் போல் மட்டும் தளர்கிறதா, இரண்டு பக்க நட்டும் இறுகியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா. ஃபிரீவீலில் வழுக்கல் இருந்தால் (மிதிக்கும்போது கால் சட்டென்று சும்மா இறங்கும்) அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

புதிதாகக் கோர்த்த சக்கரம் ஒரு வாரம் ஓடினபின் கம்பிகள் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். மறுபடி ஒரு தடவை கடைக்கு எடுத்துப்போய் இறுக்க வேண்டும். "ஒரு வாரம் கழிச்சு வரேன், அதுக்குக் கூலி கிடையாதுல்ல?" என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது. பள்ளியில் கொடுக்கிற புது சைக்கிளுக்கும் இது பொருந்தும். பாகங்களாக வந்து பள்ளி வளாகத்திலேயே பூட்டிக் கொடுப்பது வழக்கம். பிள்ளை ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை எல்லா நட்டையும் கம்பியையும் பார்த்துவிட்டால், பிளஸ் டூ முடிக்கும்போது உங்கள் கைக்கு நல்ல சைக்கிளாக வரும்.

பணத்துக்கு என்ன வழி?

"சைக்கிள் ரிப்பேருக்கெல்லாம் குழுவில கடன் குடுப்பாங்களா? சிரிக்க மாட்டாங்களா?" என்று ஒரு சகோதரி எங்களிடம் மெதுவாகக் கேட்டார். கொடுக்கலாம். உள் கடன் எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது குழுதான். காதுகுத்துக்குக் கடன் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. வேலைக்குப் போகிற வண்டிக்குக் கேட்டால் சிரிப்பதா?

கணக்கு பாருங்கள். 1,000 ரூபாய் உள் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 200 ரூபாய் அசல் என்று ஐந்து மாதத்தில் கட்டினால் வட்டி 10, 8, 6, 4, 2, ஆக மொத்தம் 30 ரூபாய். அதுவும் நம் குழுவுக்கே வருகிறது. தண்டல்காரர் 1,000 எழுதிக்கொண்டு 150 பிடித்து 850 கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், செலவு 150 ரூபாய், அதுவும் தினம் வாசலில் வந்து நிற்பார்.

இன்னொரு யோசனை. போக்ஸ் சாவி, இரண்டு ஸ்பேனர், டயர் கழற்றும் நெம்பி, பஞ்சர் சாமான், காத்தடிக்கும் பம்பு, கொஞ்சம் கிரீஸ். இவ்வளவும் ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி போதும். பொறுப்பாளர் வீட்டில் வைத்து, எடுத்தால் நோட்டில் எழுதி எடுக்கலாம். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அப்போதும் "பொம்பள சைக்கிள் ஓட்டறதா?" என்று பேச்சு வந்தது. இப்போது "பொம்பள ஸ்பேனர் பிடிக்கிறதா?" என்று வரும். வரட்டும். சைக்கிள் செய்யும் கம்பெனி 1949-இலேயே நம்ம அம்பத்தூரில் தொடங்கியாச்சு (2018 வரை அம்பத்தூர் நம் திருவள்ளூர் மாவட்டம்தானே!). அதைச் சரி செய்ய மட்டும் நமக்குத் தெரியக் கூடாதா என்ன?

பெட்டி வாங்க விரும்பும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஐந்தாறு குழு சேர்ந்தால் கோர்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தரச் செய்கிறோம். வரும்போது கொட்டகையில் கிடக்கிற சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வாருங்கள், பழகுவதற்கு சக்கரம் வேண்டும்.